கேட் பாஸும் பழைய கஞ்சா வழக்கும்

வடசென்னையில் ஒரு நல்ல வேலை என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி, மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் அனல் மின் நிலையம் என்று வரிசையாக மதில்கள். ஒவ்வொரு கேட்டிலும் பாஸ் கேட்கும் ஆள். கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, துறைமுகத்துக்குள் யார் வருகிறார், யார் போகிறார் என்று கணக்கு வைப்பது கட்டாயமாகிவிட்டது. ஒரு நாள் பாஸ் ஒரு மாதிரி, நீண்ட காலப் பாஸ் வேறு மாதிரி. நிரந்தர அரசுப் பணி என்றால் காவல்துறை உங்கள் முன்நடத்தையை விசாரித்து அறிக்கை அனுப்பாமல் கதவு திறக்காது. திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் இருபது வயதைத் தாண்டிய பலருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. எப்போதோ கஞ்சா குடித்தது உண்டு, இப்போது விட்டாயிற்று, வேலை கிடைக்குமா என்பது கேள்வி. இந்த அத்தியாயம் சொல்லப்போவது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். நம் அரசின் படிவம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அது கேட்பது உங்கள் பெயரில் வழக்கு உண்டா என்பதை. பழக்கத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் வழக்கை அலட்சியம் செய்துவிடுகிறார்கள், பெரும்பாலான வேலைகள் கைநழுவுவது அந்த அலட்சியத்தில்தான்.

மத்திய அரசுப் பணிக்குத் தேர்வானதும் நிரப்பித் தரும் அட்டஸ்டேஷன் படிவத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது வழக்கு நடந்ததா, காவலில் வைக்கப்பட்டீர்களா, பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டனை பெற்றீர்களா, இப்போது வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. தவறான தகவல் தந்தாலோ உண்மையை மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பு என்ற எச்சரிக்கை முதலிலேயே அச்சாகியிருக்கும். போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்ற கேள்வி அதில் இல்லை. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே பாதுகாப்பு அனுமதிக்கான விண்ணப்பம் கடந்த ஏழு ஆண்டுகளில் சட்டவிரோதமான போதைப்பொருள் பயன்படுத்தினீர்களா என்று நேரடியாகவே கேட்கிறது. வழக்கே இல்லாவிட்டாலும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் சொன்ன பிறகு எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்கு முன், இனித் தொடருமா என்று எடைபோடுகிறார்கள். முன்பு எப்போதோ மரிஜுவானா பயன்படுத்தியது கணக்கில் வரும், ஆனால் அது ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் அந்நாட்டின் தேசிய உளவுத்துறை இயக்குநர் எழுத்துமூலமாகவே தெளிவுபடுத்தினார். அங்கே ஆளை எடைபோடுகிறார்கள், இங்கே காகிதத்தை. எது மேல் என்ற விவாதம் வேறு இடத்துக்கு உரியது. இங்கே நமக்குத் தேவை, நம் பெயரில் என்ன காகிதம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது.

அது பலருக்கும் தெரிவதில்லை. இரவில் ரோந்து வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்து, அம்மாவை வரவழைத்து, நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருந்தால் அது வழக்கில்லை. முதல் தகவல் அறிக்கை போட்டு, கைது காட்டி, அங்கேயே ஜாமீனில் விட்டிருந்தால் அது கைது. ‘ஜெயிலுக்கே போகலையே’ என்று ஸ்டேஷன் ஜாமீனைக் கைதாகவே எண்ணாதவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். படிவத்தில் ‘இல்லை’ என்று நிம்மதியாக எழுதிவிடுவார்கள். அடுத்தது பெட்டி கேஸ். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்ததாக 1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் போடுவது. ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்திலோ திருவொற்றியூரிலோ நின்று, ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு’ என்ற ஆலோசனையைக் கேட்டு, சில நூறு ரூபாய் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தச் சில நூறு ரூபாய் நீதிமன்றம் விதித்த அபராதம். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் தண்டனைத் தீர்ப்பும்கூட. பிறகு ‘110 போட்டது’ என்று பேச்சுவழக்கில் சொல்கிற நன்னடத்தைப் பிணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129 ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் எழுதிக் கொடுத்த பத்திரம் மாறாது. படிவம் அதையும் கேட்கிறது. கடைசியாகக் குண்டாஸ். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14 போதைப்பொருள் குற்றவாளிகளையும் தடுப்புக் காவலில் வைக்க இடம் தருகிறது. அது தண்டனையில்லை, பின்னால் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்திருக்கவும் கூடும். ஆனாலும் காவலில் வைக்கப்பட்டீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்பதே பதில்.

போதைப்பொருள் வழக்கென்றால், எந்தப் பிரிவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தில் 27-ஆவது பிரிவு உட்கொள்வதற்கானது: ஹெராயின், கோகைன், மார்ஃபின் போன்றவை என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கஞ்சா முதலான மற்றவை என்றால் ஆறு மாதம், 10,000 ரூபாய். கையில் வைத்திருந்தது என்றால் கஞ்சாவுக்கு 20-ஆவது பிரிவு. ஒரு கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேலே வணிக அளவு. ஹெராயினில் அது ஐந்து கிராம், 250 கிராம். சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பார்வைக்கு 20-ம் 27-ம் அக்கம்பக்கத்து வீடுகள். ஆனால் 33-ஆவது பிரிவு இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தவருக்கு நன்னடத்தை விடுவிப்புச் சட்டத்தின் சலுகை 26, 27-ஆவது பிரிவுகளில் மட்டுமே கிடைக்கும், 20-இல் கிடைக்காது. 1958-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதாலேயே வேறொரு சட்டம் சுமத்தும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. நியமன அதிகாரி நடத்தையை எடைபோடுவதை அது தடுக்காது என்றாலும், கைக்கு அகப்படுகிற எந்தக் கேடயமும் கேடயம்தான். பொட்டலம் ஒன்று பையில் இருந்ததற்கும், அதைக் குடித்ததற்கும் நடுவே வேலை வாய்ப்பு இப்படிப் பிளவுபடுகிறது என்பதை, சுருக்க விசாரணையில் சட்டென்று ‘ஒத்துக்கிறேன்’ என்று சொல்வதற்கு முன் ஒருவர் வழக்கறிஞரிடம் கேட்டாக வேண்டும்.

இதே சட்டத்தில் இன்னும் இரண்டு கதவுகள் உண்டு. 39-ஆவது பிரிவின்படி, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் 27-இலோ சிறிய அளவு வழக்கிலோ குற்றவாளி என்று தீர்ப்பானால், நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்துடன், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். 64-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தானாக முன்வந்து அத்தகைய இடத்தில் சிகிச்சை எடுத்து முடிப்பவர் மீது அந்தச் சிறிய வழக்கைத் தொடரவே முடியாது. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். மும்பையில் 2001-இல் கோகைன் வாங்க முயன்றதாகக் கைதான ஓர் இந்தி நடிகருக்கு 2012-இல் விலக்கு கிடைத்தது இந்தப் பிரிவில்தான். தண்டையார்பேட்டையில் கால் கிலோ கஞ்சாவோடு பிடிபட்டவருக்கும் அதே பிரிவு அதே எழுத்தில் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விலக்கு கிடைத்தாலும் கைது நடந்தது நடந்ததுதான். படிவத்தில் கைது என்ற கட்டத்தில் அதை எழுதி, பக்கத்திலேயே விலக்கு உத்தரவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட வேண்டும்.

எழுத வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அடிப்படை 2016 ஜூலை 21 அன்று வந்த அவதார் சிங் தீர்ப்பு. அதற்கு முன் உச்ச நீதிமன்றத்திலேயே அமர்வுக்கு அமர்வு பார்வை மாறியது. 2011-இல் டெல்லிக் காவல்துறையின் சந்தீப் குமார் வழக்கில், இளம் வயதுத் தவறுகளை மன்னிக்கலாம் என்று பழைய வழக்கை மறைத்தவருக்கும் வேலை கொடுத்தார்கள். வேறு அமர்வுகள் மறைத்தால் போச்சு என்றன. மூன்று நீதிபதிகள் அமர்ந்து இந்தச் சிக்கலை அவதார் சிங் வழக்கில் அவிழ்த்தார்கள். கேட்ட தகவலை உண்மையாகச் சொல்லியாக வேண்டும். மறைத்தது அற்பமான வழக்கு, சொல்லியிருந்தாலும் வேலை போயிருக்காது என்றால் அதிகாரி மன்னிக்கலாம். அற்பமல்லாத வழக்கில் தண்டனை பெற்றதை மறைத்திருந்தால் நியமனத்தை ரத்து செய்யலாம். வழக்கு இருப்பதே தெரியாதவரை மறைத்தவர் என்று சொல்லக் கூடாது. இவற்றோடு, பலரும் கவனிக்காமல் விடுகிற இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு சொன்னது: படிவத்தின் கேள்வி மங்கலாக இல்லாமல் குறிப்பாக இருக்க வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவரை மறைத்தவர் ஆக்க முடியாது. எனவே கான்ட்ராக்டர் தரும் படிவத்தில் தண்டனை உண்டா, நிலுவை வழக்கு உண்டா என்று இரண்டே கேள்வி இருந்தால் அந்த இரண்டுக்கும் உண்மையான பதில் போதும். வழக்கே ஆகாத பழக்கத்தைக் கட்டத்துக்கு வெளியே எழுதி வைக்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மருத்துவப் பரிசோதனையில் மருத்துவர் நேராகக் கேட்டால் அது கேட்கப்பட்ட கேள்வி. அங்கே பொய் சொல்ல இந்த நூல் வழிகாட்டாது.

இந்த இடத்தில் வாசகர் மறுத்துப் பேசுவார், பேசவும் வேண்டும். உண்மையைச் சொன்னால் வேலை தருவார்கள் என்று என்ன நிச்சயம்? நிச்சயம் இல்லை. முடிந்துபோன வழக்கை உண்மையாகச் சொன்னவரையும் பணியில் அமர்த்தியே ஆக வேண்டும் என்று அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அவதார் சிங் தீர்ப்பே சொல்கிறது. சீருடைப் பணியில் நிலைமை இன்னும் கடுமை. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். இந்த விதி செல்லும் என்று 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர், தன் வழக்கு எப்படி முடிந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது, தீர்ப்பின் கடைசிப் பத்தி எந்த வார்த்தைகளில் விடுதலை செய்கிறது என்றும் படிக்க வேண்டும். துறைமுகத்தில் கிரேன் இயக்குபவருக்கோ ஆலையில் ஃபிட்டருக்கோ இந்த விதி பொருந்தாது; அங்கே அதிகாரியின் விவேகத்துக்கு இடம் அதிகம். அப்படியானால் மறைத்துப் பார்த்தால் என்ன என்பது மறுப்பின் மறுபாதி. காவல் நிலையங்களின் பதிவுகள் கணினியில் இணைக்கப்படாத காலத்தில், வேறு மாவட்டத்து வழக்கு கண்ணில் படாமல் போனது உண்மை. இன்று முதல் தகவல் அறிக்கையில் உள்ள பெயரைத் தேட விரலசைவு போதும். மறைத்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு வெளிப்பட்டால், வேலையோடு சம்பளத்தை நம்பி வாங்கிய கடனும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். சொன்னவர் தோற்றால் வழக்குக்காகத் தோற்கிறார். மறைத்தவர் தோற்றால் வழக்கோடு பொய்க்காகவும் தோற்கிறார். பெட்டி கேஸை மன்னிக்கத் தயாராக இருக்கும் அதிகாரிகூட அதை மறைத்த கையெழுத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுவார்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். கச்சா எண்ணெய்த் தொட்டியும் அமோனியாவும் கன்டெய்னர் கிடங்கும் இருக்கிற இடத்தில், போதைப் பழக்கம் இருந்தவரை ஏன் விட வேண்டும்? கவலை நியாயமானது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறை கைப்பற்றிய ஹெராயின் ஏறக்குறைய 3,000 கிலோ. அது வந்ததும் கன்டெய்னரில்தான். ஆனால் துறைமுகத்தின் அச்சம் கடத்தலைப் பற்றியது: உள்ளே இருந்து கதவைத் திறந்துவிடுகிறவர், கடன்பட்டவர், மிரட்டலுக்கு ஆளாகக் கூடியவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக் காலத்தில் கஞ்சா குடித்து விட்டுவிட்டவர் அந்த வகையில் வரமாட்டார். அவர் விஷயத்தில் உள்ள ஒரே ஆபத்து இன்றும் குடித்துவிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, அதைக் கண்டுபிடிக்கச் சிறுநீர்ப் பரிசோதனை போதும், பழைய கோப்பு தேவையில்லை. அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளர்களின் அடையாள அட்டைக்கான விதி இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. போதைப்பொருள் விநியோகமும் இறக்குமதியும், விற்கும் நோக்கில் வைத்திருந்ததும் தகுதியிழப்பு. அதுவும் தண்டனை பெற்று ஏழு ஆண்டு, விடுதலையாகி ஐந்து ஆண்டு என்று காலவரையோடு. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்தது அந்தப் பட்டியலிலேயே இல்லை. நம் துறைமுகங்களுக்கும் இப்படி எழுத்தில் ஒரு பட்டியலும் ஆண்டுக் கணக்கும் இருந்தால் விண்ணப்பதாரரும் பிழைப்பார், அதிகாரியும் பிழைப்பார். இப்போது இருப்பது ஒவ்வொரு மேஜையின் மனப்போக்கு.

அந்தப் பட்டியல் இல்லாததன் சுமை எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை மீட்பு மையம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 2.8 சதவீதம், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாவோ பாங்கோ பயன்படுத்தியவர்கள். இத்தனை கோடிப் பேர் மீதும் வழக்கில்லை. வழக்கு யார் மீது வருகிறது என்பதைப் பழக்கத்தைவிட, எந்தத் தெருவில் ரோந்து அதிகம், யாருக்குப் பூட்டிய அறை இருக்கிறது, யார் கடற்கரையில் உட்கார வேண்டியிருக்கிறது என்பவையே முடிவு செய்கின்றன. பழக்கத்தை விட்டுவிட்டு வழக்கை மட்டும் பார்க்கும் படிவம், தனக்குத் தெரியாமலேயே முகவரியையும் பார்க்கிறது. இது புலம்பலுக்காகச் சொன்னதில்லை. வழக்கு இருப்பதாலேயே தான் மற்றவரைவிடக் கெட்டவன் என்று நினைத்து விண்ணப்பமே போடாமல் ஒதுங்குகிறவர்கள் இந்தப் பகுதியில் அதிகம். அந்த ஒதுங்கலுக்கு ஆதாரம் இல்லை என்பதற்காகச் சொன்னது.

சிகிச்சைக்குப் போனால் பெயர் பதிவாகி வேலை போய்விடும் என்ற பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய நிலைகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதன் 23-ஆவது பிரிவு சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளிச் சீட்டு காவல்துறைச் சரிபார்ப்புக்குத் தானாகப் போய்ச் சேராது. வழக்கு உள்ளவருக்கோ அந்தச் சீட்டு பகையாவதற்குப் பதில் சாட்சி ஆகிறது. ஒழுங்காகச் சிகிச்சை முடித்ததற்கான சான்று, அதிகாரி தன் விவேகத்தை உங்கள் பக்கம் பயன்படுத்த ஒரு காகிதக் காரணத்தைத் தருகிறது. காரணம் இல்லாமல் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

பதினெட்டு வயதுக்குள் நடந்த வழக்கைப் பற்றிச் சுருக்கமாக. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி, அந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட சிறுவருக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது. பதினாறு வயது கடந்து, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட கொடுங்குற்றம் மட்டும் விலக்கு. ரமேஷ் பிஷ்ணோய் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், சிறுவயதில் வந்த குற்றச்சாட்டைக் காட்டி மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் துணை ஆய்வாளர் வேலையை மறுக்க முடியாது என்றது. துறைமுக கேட்டில் நிற்பதும் அதே படைதான்.

படிவம் கைக்கு வரும் முன்பே செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். ஈ-கோர்ட்ஸ் தளத்திலும் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் உங்கள் பெயரையும், காவல் நிலையத்தையும், ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். முடிந்த வழக்கென்றால் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ‘வக்கீல் முடிஞ்சுதுன்னு சொன்னார்’ என்பதை எந்த அலுவலகமும் ஏற்காது. பல ஆண்டுகளாகக் குற்றப்பத்திரிகையே தாக்கலாகாமல் கிடக்கும் வழக்கென்றால் உயர் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்க முடியுமா என்று பாருங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு, 15100 என்ற எண்ணும் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. படிவத்தில் குற்ற எண், காவல் நிலையம், பிரிவு, நீதிமன்றம், முடிவு, தேதி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். நண்பன் வைத்துவிட்டுப் போனான், போலீஸ் வேண்டுமென்றே போட்டார்கள் என்ற கதையை அங்கே எழுத வேண்டாம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அதற்குரிய பதிலில் எழுதலாம். கொடுப்பதற்கு முன் நிரப்பிய படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்து யாராவது நீங்கள் மறைத்ததாகச் சொன்னால், அப்போது அந்த ஜெராக்ஸ்தான் பேசும்.